அவனுக்குப் பதில் உட்கார்ந்தது

சாரணர் முகாமின் நுழைவுப் பலகைக்கு யாரோ புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது. மண் பாதையில் அதே பள்ளங்கள், ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்ட அதே படகுகள், சமையல் கூடத்தின் மேல் அதே கோணல் புகைபோக்கி. விஸ்கான்சினின் வடகோடியில் அக்டோபர் பிறந்துவிட்டால் குளிர் எலும்பு வரைக்கும் போகும். டாரல் ஓஸ்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அரிசோனாவிலிருந்து இவ்வளவு தூரம் ஓட்டி வந்தவனுக்கு வண்டியிலிருந்து இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு வழியெல்லாம் குறுகுறுத்தது.

அங்கே சாரணர்களில் தேறியவர்களுக்கென்று ஒரு கௌரவச் சங்கம் உண்டு. கனல் சங்கம் என்று பெயர். அதில் சேர யாரும் மனுப் போட முடியாது. கூடவே வளர்ந்த பிள்ளைகள் கைதூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சங்கத்துக்குள்ளேயும் உச்சிப் படி ஒன்று இருக்கிறது. அதை இரவுக்காவல் என்பார்கள். குன்றின் மேல் தனியாக உட்கார்ந்து, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை தீ அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூங்கக் கூடாது, பேசக் கூடாது, இடத்தை விட்டு இறங்கவே கூடாது. காவல் தொடங்கிய பிறகு பெரியவர்கள் யாரும் மேலே வரமாட்டார்கள். ஏரிக்கு அக்கரையில் நின்று தீயையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உருவத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடிந்ததும், முன்பே காவல் இருந்து தேறிய ஒருவர் மேலே போய்ச் சிவப்புத் தோள்பட்டியை அணிவித்துக் கூட்டி வருவார்.

இன்றைக்குக் காவல் இருக்கப் போகிறவள் மேரன். டாரலின் மகள். பதினெட்டு வயது. அவளுக்குப் பட்டி அணிவிக்க வேண்டும் என்பதற்காகத்தான், இருபது வருடத்துக்கு மேல் எட்டிப் பார்க்காத சங்கத்தில் மறுபடி சேர வந்திருந்தான். விவாகரத்தாகி அவளையும் அவள் அம்மாவையும் விட்டுத் தெற்கே போன பிறகு, அவளுக்காக அவன் வந்து நின்ற இடம் என்று ஒன்றுமில்லை. பட்டமளிப்புக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. நாடகத்துக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. இந்த ஒன்றையாவது செய்துவிட்டால் அப்பா என்ற பெயர் தங்கும் என்று நினைத்தான்.

சமையல் கூடத்தில் ஜோலீன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான், சமையல்காரியும் அவள்தான். மான்கறிக் குழம்பின் வாசனை தூக்கலாக அடித்தது.

"மறுபடி சேரணும் ஜோலீன். என் உறுப்பினர் கணக்கு ரொம்ப வருஷமா விட்டுப்போச்சு" என்றான் டாரல்.

அவள் கத்தியை நிறுத்தினாள். "விட்டுப்போச்சா? உனக்கா? ஏம்ப்பா, அரிசோனா வெயில்ல மூளை உருகிப்போச்சா?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"வருஷா வருஷம் மேல வந்து தீயைப் பாத்துக்குறது யாரு, உங்க தாத்தாவா? உன் கூட்டாளி லியோன் உனக்குன்னு ஒரு தட்டு மூடி வைக்கச் சொல்லுவான். நானும் மலைப் பாதையில கொண்டுபோய் வைப்பேன். காலைல பார்த்தா தொடாம அப்படியே இருக்கும். என் சமையல்ல அப்படி என்னதான் குத்தம்னு எத்தனை வருஷம் வெந்த வயிறு தெரியுமா இது?" அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "கீழ இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசினா என்ன, வாய் தேஞ்சா போகும்? சரி, பேரை எழுதிக்கிறேன். போய் லியோனைப் பாரு."

டாரல் சிரிக்க முயன்றான். குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நினைத்தான். வராதவனைப் பார்த்து 'தினமும் வர்றியே' என்று சொல்லிக் காட்டுவது அந்த ஊர் வழக்கம். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

ஆனால் தட்டுக் கதையை ஏன் சேர்த்தாள் என்பது விளங்கவில்லை.

அவன் செய்த காரியத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. டாரல் காவல் இருந்த இரவு இதே போன்ற அக்டோபர்தான். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்திலேயே அவனுக்குப் பல் கிட்டிப்போனது. குளிர் பாதி, பயம் பாதி. மரங்களுக்கு நடுவே ஏதோ மூச்சு விடுவது போல அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அவன் கார் இருந்தது. காரில் ஹீட்டர் இருந்தது. அக்கரையில் இருப்பவர்களுக்கு உருவம்தானே தெரியும், முகமா தெரியப் போகிறது?

பிளந்து வைத்த பிர்ச் மர விறகுகளை மரக்கட்டை இருக்கையின் மேல் நிறுத்தினான். குறுக்கே ஒரு கிளையைச் செருகித் தோள் அமைத்தான். தன் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையை அதற்கு மாட்டி, பொத்தானெல்லாம் போட்டுவிட்டான். மேலே தொப்பியைக் கவிழ்த்தான். சோளக்கொல்லைப் பொம்மைகூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது. பிறகு பாதையை விட்டு ஒதுங்கி, புதருக்குள் ஊர்ந்து கீழே போய், காரில் படுத்துத் தூங்கிவிட்டான்.

விடியும் நேரத்தில் அலறியடித்துக்கொண்டு ஏறி வந்தபோது தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அணைந்து சாம்பலாகியிருக்க வேண்டிய தீ. பக்கத்தில் அவன் வெட்டியதைவிட அதிக விறகு அடுக்கியிருந்தது. பொம்மையைக் காணவில்லை. சட்டையும் தொப்பியும் இல்லை.

லியோன் வந்திருக்கிறான் என்று டாரல் முடிவு கட்டினான். லியோன் அவனுடைய உயிர் நண்பன். அன்றைக்கு அக்கரையில் இருந்தவன். நண்பனின் மானத்தைக் காப்பாற்ற விதியை மீறி மேலே வந்து, இரவெல்லாம் தீயைப் பார்த்துக்கொண்டு, விடியுமுன் இறங்கிவிட்டான் என்று நினைத்தான். பட்டி அணிவித்தார்கள். காவல் இருந்தவனுக்குச் சங்கம் ஒரு பெயர் வைக்கும். அவனுக்கு அணையாதவன் என்று வைத்தார்கள். கைதட்டியவர்களுக்கு நடுவே லியோனின் முகத்தை அவனால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் அடுத்த ஆண்டு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. வராமலிருப்பது ஒருமுறை கைவந்துவிட்டால் பிறகு அது தானாக நடக்கும். பிற்பாடு மகளிடமும் அப்படித்தான் நடந்தது.

லியோன் புரோக்னோ படகுத்துறையில் கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தான். இப்போது சங்கத்தின் ஆலோசகர் அவன்தான். தொப்பை போட்டிருந்தது, ஒரு முழங்கால் மடங்க மறுத்தது. டாரலைப் பார்த்ததும் கோடரியைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"வாடா மகராசா. கடைசியில மலையை விட்டு இறங்கிட்டியா. மூஞ்சி மறந்துபோச்சுடா எனக்கு."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளை டாரல் அவசரமாகச் சொன்னான். "லியோன், அன்னைக்கு ராத்திரி நீ எனக்காகச் செஞ்சதுக்கு நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை..."

"எந்த ராத்திரி?"

"என் காவல் ராத்திரி. நீதானே மேல வந்தே."

லியோன் அவனை விட்டு விலகி நின்று பார்த்தான். "நானா? அக்கரையை விட்டு ஒரு எட்டு வச்சிருந்தா என் பட்டியைப் பிடுங்கியிருப்பாங்க. கம்பளியைப் போத்திக்கிட்டு ராத்திரி பூரா உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்குக் காலெல்லாம் விறைச்சுப்போச்சு. நீயானா மரம் மாதிரி உட்கார்ந்திருந்தே. அப்பப்ப எந்திரிச்சு விறகு போடும்போதுதான் உயிர் இருக்குன்னே தெரிஞ்சுது."

"எந்திரிச்சு?"

"பின்ன, விறகு தானா நடந்து வந்து தீயில விழுந்துச்சா?" லியோன் சிரித்தான். "அதுக்கப்புறம் வந்த பசங்க எல்லாருக்கும் நான் சொல்ற ஒரே கதை உன் கதைதான்டா. உட்கார்ந்தா டாரல் மாதிரி உட்காரணும்னு சொல்லுவேன். அதுலயும் பெரிசு, நீ வருஷா வருஷம் விதியைக்கூடப் பார்க்காம, யார்கிட்டயும் சொல்லாம வந்து, புதுசா உட்கார்றவங்களுக்குத் துணையா ஓரமா இருக்கியே, அது. அந்தப் பழைய சிவப்புச் சட்டையை அக்கரையில இருந்து பார்த்தாலே எனக்கு நிம்மதி. மேல பிள்ளை தனியா இல்லைன்னு."

ஏரியிலிருந்து வந்த காற்றில் கருகிய பிர்ச் பட்டையின் வாசனை கலந்திருந்தது. மேலே இன்னும் யாரும் தீ மூட்டவில்லை.

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் லியோனின் முகத்தில் இருந்த பெருமை அவனை வாயடைக்க வைத்தது. அவ்வளவு பெருமையாக அவனைப் பார்க்க உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்துகொண்டே, "சரி விடு, அதெல்லாம் என்ன பெரிய விஷயம்" என்றான்.

சொல்லிவிட்டு அவனுக்கே கூசியது.

மேரன் படகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் நெற்றி, அவனுடைய தாடை. அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள். கட்டிப்பிடிக்கவில்லை.

"வந்துட்டீங்க" என்றாள். நம்பாதவளின் குரல் அது.

"வராம இருப்பேனா? நாளைக்குக் காலைல உனக்குப் பட்டி போடப் போறது நான்தான்."

அவள் தலையாட்டினாள். பிறகு, "போன வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம் என்னால வீட்டுல இருக்க முடியலை. இங்க வந்து, மேல போய் உட்கார்ந்து அழுதேன். ராத்திரி பூரா என் பக்கத்துலயே இருந்தீங்களே அப்பா, அதுக்கு நான் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலை" என்றாள்.

அந்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு, வேலை என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தான் டாரல். அன்றைக்கு வேலையெல்லாம் ஒன்றுமில்லை. மருத்துவமனை என்றால் அவனுக்குப் பயம், அவ்வளவுதான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லையம்மா, அது நானில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அதைச் சொன்னால் இந்தப் பெண்ணிடம் அவனுக்கென்று ஒன்றுமே இருக்காது. இருந்த ஒரே நல்ல காரியமும் கைவிட்டுப் போய்விடும்.

"அதுக்கென்னம்மா. நீ என் பொண்ணாச்சே" என்றான்.

மேரனின் பார்வை அவன் கைகளுக்கு இறங்கியது. அங்கே சிறிது நேரம் நின்றது. "சரி, எனக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திருடனுக்குக்கூட ஒரு கணக்கு இருக்கும். டாரல் அன்று ஒரே மாலைக்குள் நண்பனிடம் ஒரு பெருமை, மகளிடம் ஒரு நன்றி என்று களவாடிவிட்டான். அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. மேலே என்ன இருக்கிறது என்று, அவளை அங்கே கொண்டுபோய் விடுமுன் பார்த்துவிட வேண்டும். விறகுக் குவியல்தானே, எதுவாயிருந்தாலும் பிரித்துப் போட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். லியோன் தீட்டிப் போட்டிருந்த கோடரியை எடுத்துக்கொண்டு ஏறினான்.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஏரியிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் அவன் பின்னாலேயே மலை ஏறியது. பாதி வழியில் பாறை மேல் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. குழம்பு இன்னும் ஆறவில்லை. அதைத் தாண்டியதும் பறவைச் சத்தம் நின்றுபோனது. அவன் பூட்ஸ் சருகில் சரசரப்பதுதான் கேட்டது.

அப்புறம் இன்னொரு சத்தம்.

கட்டையோடு கட்டை மோதும் சத்தம். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். யாரோ அவசரமில்லாமல் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வாசனைதான் அவனுக்குப் பிடிபட்டது. நனைந்த கம்பளி. புகை. அதற்கடியில் ஒரு வியர்வை வாடை. அது தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. இருபது வயதில் அவன் சட்டையில் இருந்த வாடை, ஒரு பொட்டுக் குறையாமல் அங்கே இருந்தது.

மரக்கட்டை இருக்கையில் அது உட்கார்ந்திருந்தது.

சிவப்புக் கட்டம் வெளுத்து, ஒரு கை கிழிந்திருந்தது. பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. அவன் போட்டுவிட்ட மாதிரியே. தொப்பி கவிழ்ந்து முகத்தை மறைத்தது. கிழிந்த கைக்குள் வெள்ளைப் பட்டை உரிந்த பிர்ச் கட்டை தெரிந்தது. தீக்குழிப் பக்கம் இருந்த முழங்கை வரைக்கும் கரியாக இருந்தது. எத்தனை இரவுகள் தீக்கு அருகில் உட்கார்ந்திருந்தால் அப்படிக் கரியும்.

டாரலின் கையிலிருந்து கோடரி நழுவியது.

அது திரும்பவில்லை.

தொப்பி மட்டும் கொஞ்சம் உயர்ந்தது, காலடிச் சத்தம் கேட்டவர்கள் தலையைத் தூக்குவது போல.

பிறகு அது நகர்ந்தது. கட்டை கட்டையோடு உரசும் சத்தத்துடன், இருக்கையின் ஓரத்துக்கு மெல்ல, சிரமப்பட்டு நகர்ந்தது.

இடம் விட்டது.

ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, தீக்கிளறும் கோலை அவன் பக்கமாக நீட்டியது. கோபமில்லை. அவசரமில்லை. கடைக்குப் போனவன் திரும்பி வந்துவிட்டான், இனி அவன் வேலையை அவன் பார்த்துக்கொள்வான் என்பது போல நீட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கிளைக்கை லேசாக நடுங்கியது. களைப்பாக இருக்கலாம் என்று டாரலுக்குத் தோன்றியதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம்.

கோலை வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவன் செய்ய வேண்டியிருந்தது.

டாரல் ஓடினான்.

பாதி மலையில் பனிக்குள்ளிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முன்னால் லியோன். அவன் தோளில் கை வைத்தபடி பின்னால் மேரன். காவலுக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போக வேண்டும். ஏறத் தொடங்கியதிலிருந்து அவளுக்குப் பேச அனுமதி இல்லை.

"என்னடா, பேயைக் கண்டவன் மாதிரி ஓடி வர்றே?" என்றான் லியோன் மெதுவாக. "முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

மேரன் அவனைப் பார்த்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள்.

மேலே போகாதே என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் கார், ஹீட்டர், பொம்மை, பட்டி, பெயர், போன வருஷம் எல்லாம் சொல்ல வேண்டும். லியோனுக்கு முன்னால், அவளுக்கு முன்னால். அவன் பாதையை விட்டு ஒதுங்கி வழி விட்டான்.

"கால் தடுக்கிருச்சு" என்றான்.

பெற்ற பிள்ளையை அதனிடம் அனுப்பிவிட்டு அவன் கீழே போனான். அக்கரைக்குப் போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. எங்கே போனான் என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வண்டிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஹீட்டரைப் போட்டான். அந்த ராத்திரி அவன் தூங்கவில்லை. அது ஒன்றுதான் முதல் தடவைக்கும் இதற்கும் வித்தியாசம். ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, நானும் ஒரு மனுஷனா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறம் படர்ந்தபோது ஜோலீன் வந்து கதவைத் தட்டினாள். அவள் கையில் மடித்த சிவப்புப் பட்டி இருந்தது. "எங்கெல்லாம் தேடறது உன்னை? போ, பொண்ணு காத்திருப்பா" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த முறை அவன் ஏறினான். அவளுக்கு என்ன ஆகியிருக்குமோ என்ற பயம் மற்றப் பயங்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்தது.

மேரன் தீயின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து, முகமெல்லாம் புகைக்கரி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவள் தோள்களின் மேல், குளிருக்குப் போர்த்திவிட்டது போல, வெளுத்த சிவப்புக் கம்பளிச் சட்டை கிடந்தது.

"விடிஞ்சுருச்சு மேரன். நீ இனிமே பேசலாம்" என்றான் டாரல்.

அவன் மண்டியிட்டான். பட்டியைத் தரையில் வைத்தான்.

"போன வருஷம் உன்கூட இருந்தது நானில்லை. நான் வரவே இல்லை. அன்னைக்கு வேலைன்னு சொன்னதும் பொய். என் காவலை நான் இருக்கலை, கார்ல போய்த் தூங்கிட்டேன். என் இடத்துல நான் உட்காரவச்சுட்டுப் போனதுதான்..." அதற்குமேல் சொல்ல முடியாமல் நிறுத்தினான்.

"தெரியும்" என்றாள் மேரன்.

"எப்பலேருந்து?"

"போன வருஷமே. அழுதுக்கிட்டே கையைப் பிடிச்சேன். கட்டை. முதல்ல பயந்துட்டேன். அப்புறம், போயிராதேன்னு கேட்டேன். போகலை." அவள் சட்டையின் கிழிந்த கையைத் தடவினாள். "நேத்து உங்ககிட்ட தேங்க்ஸ்னு சொன்னேனே. இல்லைம்மா, அது நானில்லைன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். சொன்னா போதும்னு நினைச்சேன்."

டாரல் தலையைக் குனிந்துகொண்டான். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"அப்புறம் மேலேருந்து ஓடி வந்தீங்க. அதுவும் சரி, யாருக்கும் பயம் வரும். ஆனா என்னைப் பார்த்தும் ஒதுங்கி வழி விட்டீங்களே அப்பா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "என்னை இதுகிட்ட அனுப்பிட்டுப் போயிட்டீங்க. அது கெட்டதா இருந்திருந்தா?"

"இதை யார்கிட்டயும் நீ சொல்லலையா?" என்று கேட்டான் கடைசியில்.

"சொன்னா எரிச்சுருவாங்க. விறகுதானே." அவள் தீயைப் பார்த்தாள். "ராத்திரி பூரா தீக்குப் பக்கத்துலயே இருக்கு. முழங்கை கரிஞ்சா கரிஞ்சுட்டுப் போகுதுன்னு, ஒரு அடி தள்ளி உட்காரணும்னுகூட அதுக்குத் தோணலை."

பட்டியை அவள் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் கையை நீட்டினான், பிறகு மடக்கிக்கொண்டான். கம்பளிச் சட்டையைக் கழற்றி, மடித்து, இருக்கையின் ஓரத்தில் வைத்தாள்.

காவல் முடிந்ததும் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். தானாக எரிந்து அடங்கும்வரை பட்டி போட வந்தவர் கூட இருக்க வேண்டும். உச்சிப் பொழுது ஆகிவிடும். மேரன் எழுந்து நின்று அதைச் சொல்வதா வேண்டாமா என்பது போல அவனைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்" என்றான் டாரல். "நீ போய்ச் சாப்பிடு. அடங்குற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். சத்தியமா."

அவள் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. அவன் இருக்கையில் உட்காரும்வரை காத்திருந்தாள். உட்கார்ந்தான். முழங்கால்களைக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பாதையின் முனைவரை போனவள் திரும்பினாள். அவள் பார்வை அவன் மேல் படவில்லை. அவன் தலைக்கு மேலாக, அவனுக்குப் பின்னால் இருந்த மரங்களைப் பார்த்தாள். தெரிந்தவர்களிடம் பேசும் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"இவர் எந்திரிச்சுப் போயிட்டார்னா, நீ பாத்துக்க."

அவள் இறங்கிப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டாரல் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. தீயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போகமாட்டேன், போகமாட்டேன் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் மடித்து வைத்திருந்த சட்டை இப்போது அங்கே இல்லை.

நனைந்த கம்பளியின் வாசனை நெருங்கியது. முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டை இன்னொரு கட்டையின் மேல் இறங்கியது.

பிறகு அவன் தோளுக்கு மேலாகக் கிழிந்த சிவப்புக் கை ஒன்று மெதுவாக நீண்டு வந்து, அவன் போட மறந்திருந்த விறகைத் தீயில் வைத்தது.